ஒண்டரை சென்டிமீட்டர்

விமானத்தின் இறக்கையில் உறைந்த பனியைக்
கரைக்கிற வண்டி என்னுடையது.
நவம்பரில் அதன் கடைசிப் படியிலிருந்து விழுந்தேன்.
ஒரு அடி உயரம் இருக்கும்.
வெளியில் சொல்லவே வெட்கம்.
படிவத்தில் ‘வழுக்கியது’ என்று மட்டும் எழுதினேன்.
இடது முழங்காலுக்குள் யாரோ
சோடாப் போத்தல் திறந்த சத்தத்தை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடாதே என்பார்கள்.
எனக்கு இரண்டும் வாய்த்திருக்கின்றன.
இரவு மூன்று மணிக்குத் தலை எதையோ நினைக்கும்,
முழங்கால் விழித்துக்கொள்ளும்.
முழங்கால் துடிக்கும்,
தலை பழைய ஞாயிறுகளை எண்ணத் தொடங்கும்:
வோல்டர்டேல் பாலத்தின் வெள்ளை வளைவுக்குக் கீழே
போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு.
யார் போட்ட முடிச்சோ,
எட்மன்டன் முழுக்கத் தூங்கும்போதுதான் இறுகுகிறது.

பிசியோ மாரிசெல் என் தோளுயரம்கூட இல்லை.
“ஒற்றைக் காலில் நின்று பல் விளக்கு” என்றாள்.
ஒற்றைக்காலில் நிற்கிறவன் என்று
என்னை முப்பது வருடமாய்த் திட்டியவர்கள்
இப்போது வந்து பார்க்கலாம்.
கண்ணாடியில் வாய் நிறைய நுரையோடு ஒரு கொக்கு.
பத்தொன்பது நொடி.
பிறகு தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.

படி ஏறுவது எப்படியோ நடந்துவிடுகிறது.
இறங்கத்தான் முடியாது.
கீழ்த்தளத்தில் துணி காய்ந்து முடிந்து
இயந்திரம் கூப்பிடும்,
ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து
மாப்பிள்ளை ஊர்வலம் போவேன்.

சுகிர்தா ரவிக்கை தைக்கிறவள்.
ஞாயிறு மாலை, இராகுகாலம் கழிந்து,
கழுத்திலிருந்து நாடாவை உருவி
என் இரண்டு தொடையையும் அளப்பாள்.
“இறுக்காதேங்கோ. கள்ளம் செய்யிறியள்.”
காப்புறுதி முகவர் தந்த நாட்காட்டியில்
நல்ல நேரத்துக்குப் பக்கத்தில்
பென்சிலால் எழுதுவாள்.
தை மாதம் இடது தொடை நாலரை குறைவு.
பங்குனியில் இரண்டு.
ஒரே ஆளின் இரண்டு கால்களுக்குள்
இவ்வளவு வித்தியாசம் இருப்பது
என் காற்சட்டைக்கு மட்டும் முன்பே தெரியும்.

ஏப்ரலில் ஆறு உடைந்தது.
அழுக்குத் தட்டுகளாய்ப் பனி ஒன்றையொன்று தள்ளிப் போனது.
மாரிசெல் எழுதித் தந்திருந்தாள்:
ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை,
எட்டு முறை. அதற்கு மேல் ஒரு அடியும் இல்லை.

இடது பாதம் தரையைத் தொடுமுன்
ஒவ்வொரு முறையும்
கடன் கேட்கப் போனவன் அடுத்தவன் வாசலில் நிற்பதுபோல்
உடம்பு முழுக்க ஒரு கணம் நின்றது.
குளிருக்குக் கொட்டிய சரளை பாதையில் மிச்சம் கிடந்தது.
நொறுக் நொறுக்.
பாதையின் சத்தமா, என்னுடையதா?
நின்று கேட்டேன். சத்தமும் நின்றது.
அதுவும் பதில் இல்லை.

மூன்றாவது நிமிடத்தில்
இரட்டைக் குழந்தைகளின் வண்டியைத் தள்ளிக்கொண்டு,
கைபேசியில் யாரையோ ஏசிக்கொண்டு
ஒருத்தி என்னைக் கடந்து போனாள்.
போனவள் திரும்பி “குட் ஜாப்!” என்றாள்.
அப்படியென்றால்
நான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எட்டாவது முறை கடிகாரம் கத்தியபிறகும்
பதினொரு அடி ஓடினேன்.
வேலியில் இருந்த மேக்பை ஒன்று பார்த்தது.
மாரிசெலுக்கு இது தெரிய வேண்டாம்.

அன்று மாலை நாடா தொடையைச் சுற்றியது.
“இன்னும் ஒண்டரை குறைவு.”
என் முகத்தைப் பார்த்துவிட்டு
இறுக்கமான ரவிக்கையோடு வருகிற பெண்களுக்குச் சொல்வதை
எனக்கும் சொன்னாள்:
“உள்ளுக்குத் துணி விட்டிருக்கு. பயப்பிடாதேங்கோ.”
பிறகு நாடாவைச் சுருட்டப் போனவள்
என்ன நினைத்தாளோ,
என் மொட்டைத் தலையைச் சுற்றி ஒரு தரம் இழுத்தாள்.
“இது மட்டும் குறையேல்லை.”
ஐம்பத்தெட்டு.
அதையும் எழுதி வைத்தாள்.